கூட்டத்தில் வாசித்த கடிதம்

ஜனவரி 12

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இரண்டு வருடமாக ஒவ்வொரு கடிதத்திலும் இதைக் கேட்கிறேன், நீயும் 'பரவாயில்லை' என்றே எழுதுகிறாய். இந்த முறையாவது உண்மையைச் சொல். நான் நன்றாக இருக்கிறேன். வீடு நன்றாக இல்லை.

டிசம்பர் பத்தொன்பதாம் தேதி காலை ஏழே காலுக்கு, முகம் மழித்துக்கொண்டிருந்த அப்பா கண்ணாடி முன்னால் அப்படியே சரிந்து விழுந்தார். பக்கவாதம். வலது கையும் வலது காலும் வரவில்லை. பேச்சு குழறினாலும் புரிகிறது. பதினாறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறோம். கூடத்து ஜன்னலை ஒட்டிக் கட்டிலைப் போட்டிருக்கிறேன். மணி, கைத்தடி, ரேடியோ மூன்றையும் இடது கைக்கு எட்டும் இடத்தில் வைக்கச் சொன்னார், வைத்திருக்கிறேன். பகலில் பார்த்துக்கொள்ள ஓர் அம்மாள் வருகிறார்.

இன்னொரு செய்தி. துறைமுக நகரத்தில் புதிதாகத் திறக்கும் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு என்னை மேற்பார்வையாளராகப் போட்டிருக்கிறார்கள். எட்டு வருடம் தெருத்தெருவாகக் குழாயடியில் நின்று பாட்டிலில் தண்ணீர் பிடித்தவளுக்கு, உட்கார ஒரு நாற்காலி. ஜூன் ஒன்றாம் தேதி சேர வேண்டும். ஏப்ரல் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அடுத்தவருக்குப் போய்விடும்.

அப்பா பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றது ஒரு வெள்ளிக்கிழமை. மறுநாள் காலை நீ பெட்டியோடு, ஆதரவற்ற நோயாளிகளைப் பார்க்கும் அந்த இல்லத்துக்குப் போனாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. வர முடியுமா என்று மட்டும் கேட்கிறேன்.

குளிர்ந்த தண்ணீரில் ரொம்ப நேரம் நிற்காதே.

உன் மகள்


ஜனவரி 28

அன்பு வாலுக்கு,

சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா? இரண்டும் சரியாக நடந்தால் மற்றதைச் சமாளிக்கலாம். முழங்கால் பரவாயில்லை. கோபப்படாதே, நிஜமாகவே பரவாயில்லை.

உன் கடிதம் பத்தொன்பதாம் தேதி வந்தது. மறுநாள் காலைக் கூட்டத்தில், இல்லத்தை நடத்தும் பெரியக்கா வாசித்தார். இதை நான் உனக்கு எழுதியதே இல்லை, தப்புதான். இங்கே யாருக்குக் கடிதம் வந்தாலும் கூடத்தில் எல்லோர் முன்னிலையிலும் வாசித்த பிறகுதான் கைக்கு வரும். ஒளிவுமறைவு இல்லாமல் வாழ வேண்டும் என்று தொடக்கத்திலிருந்தே உள்ள வழக்கம். இங்கிருந்து போகும் கடிதத்தையும் உறையை ஒட்டாமல் அவரிடம் கொடுக்க வேண்டும். எனக்கு இது கஷ்டமாக இல்லை. யாராவது வாசிப்பது எனக்குப் பழக்கம்தானே. இவர்கள் வாசிக்கிறார்கள், அவ்வளவுதான். யாரும் சிவப்பு மையில் திருத்துவதில்லை.

நான் சலவைப் பகுதியில் இருக்கிறேன். கேட்பாரற்றுக் கொண்டுவந்து விடப்படும் நோயாளிகள் அறுபது பேர். ஒரு நாளைக்கு நூறு விரிப்பு. முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி, பிறகு கொப்பரையில் வேகவைத்து, கழியால் புரட்டி எடுக்க வேண்டும்.

அப்பாவை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவை. குதிகாலுக்கு அடியில் மடித்த துணி வை. தூக்கும்போது அவருடைய இடது பக்கம் நிற்காதே, வலது பக்கம் நில். ரேடியோவை வேறு அறையில் வை.

ஒவ்வொரு வாரமும் கூடத்துப் பலகையில் ஒரு வாசகம் எழுதுவார்கள். ஏழு நாளும் அதை வாழ்ந்து பார்க்க வேண்டும். இந்த வாரத்து வாசகம்: 'ஒருவரை அவருடைய மிக மோசமான நாளை வைத்து அளக்காதே.'

வெயிலில் குடை எடுத்துப் போ.

அம்மா


பிப்ரவரி 9

அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் நலத்தை அறுபது பேரும் சேர்ந்து கேட்டுக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன்.

எனக்கும் உனக்கும் இடையில் இருந்த பேச்சை முன்பின் தெரியாத ஆட்கள் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். இரண்டு வருடமாகக் கேட்டிருக்கிறார்கள். உன் முழங்காலிலிருந்து என் பல்வலிவரை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

பகலில் வந்த அம்மாள் நின்றுவிட்டார். அடுத்து ஓர் இளம் பெண் வந்தாள். ஒன்பது நாள் இருந்தாள். பத்தாவது நாள் நான் வேலையிலிருந்து வந்தபோது வீட்டில் இல்லை. செருப்பு மட்டும் வாசலில் கிடந்தது. இந்தக் காலத்தில் யாரும் நிலைத்து வேலை செய்வதில்லை.

அப்பாவைப் பார்க்கப் பழைய மாணவர்கள் ஏழு பேர் வந்தார்கள். மருந்துக்கடைக்காரர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். "சார், தினமும் பலகையில ஒரு நல்ல வார்த்தை எழுதுவீங்களே, அதாலதான் நாங்க மனுஷங்களா இருக்கோம். உங்களுக்காக உயிரையே கொடுப்போம் சார்" என்றார். அப்பாவும் அழுதார். அவர் மாறிவிட்டார் அம்மா. இப்போதெல்லாம் அடிக்கடி அழுகிறார்.

ஜனவரியில் ஒரு கேள்வி கேட்டேன். அதற்குப் பதிலாகக் குதிகாலுக்குத் துணி வைக்கச் சொல்லியிருக்கிறாய்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மகள்


மார்ச் 3

அன்பு வாலுக்கு,

உன் பல்வலி போய்விட்டதா? அதை நீயே நினைவுபடுத்தினாய், அதனால் கேட்கிறேன். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். நாலு தரம் எழுதி நாலையும் அடுப்பில் போட்டேன்.

இங்கே ஒரு லாரிக்காரர் இருக்கிறார். ஈரல் முழுக்கப் போய்விட்டது. வாயைத் திறந்தால் காது கூசும். வந்த புதிதில் யாரும் அவர் பக்கம் போகமாட்டார்கள். விரிப்பு மாற்றப் போகும் என்னிடம் மட்டும், "ஏம்மா, உன் கொப்பரையில என்னையும் ஒரு தரம் போட்டு எடேன். பாவம் கொஞ்சம் வெளுக்குதான்னு பார்ப்போம்" என்பார். "உங்களைப் போட்டா மத்த துணியெல்லாம் சாயம் ஏறிடும்" என்பேன். அவர் சிரித்தால் இருமல் வந்துவிடும், அதனால் ஒரு நாளைக்கு ஒரு தரம்தான் இப்படிப் பேசுவது என்று வைத்திருக்கிறேன்.

இந்த வாரத்து வாசகம்: 'பிடித்தவரை நேசிப்பது ஓய்வு. பிடிக்காதவரை நேசிப்பதுதான் வேலை.' லாரிக்காரருக்கு இது ஒத்துவராது. அவரை எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

உன் கேள்விக்குப் பதில்: என்னால் வர முடியாது.

காரணம் எழுத முடியாது. பழைய வீட்டுக் குறையைப் பேசுவதில்லை, எழுதுவதில்லை என்று உள்ளே வரும்போதே வாக்குக் கொடுத்திருக்கிறோம். நான் ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தப் பெண் ஏன் செருப்பைக்கூடப் போடாமல் போனாள்? அவளிடம் கேட்டாயா?

வேலையை விட்டுவிடாதே. நோயாளிகளைப் பார்க்கும் பொது விடுதிகள் இருக்கின்றன, விசாரி. தூக்கம் கெடாமல் பார்த்துக்கொள்.

அம்மா


மார்ச் 15

அன்புள்ள அம்மாவுக்கும், இதை வாசிக்கும் பெரியக்கா அவர்களுக்கும், கூடத்தில் அமர்ந்து கேட்கும் அனைவருக்கும்,

எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். இல்லத்தில் நீங்கள் செய்யும் பணியைப் பற்றி அம்மா எழுதும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். யாருமில்லாதவர்களைக் குளிப்பாட்டுகிறீர்கள், ஊட்டுகிறீர்கள், அவர்கள் விரிப்பை வெளுக்கிறீர்கள்.

எங்கள் வீட்டிலும் ஒரு நோயாளி இருக்கிறார். முப்பத்தேழு வருடம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர். தலைமையாசிரியராக இருந்த காலத்தில், உங்களைப் போலவே தினமும் ஒரு நல்ல வாசகத்தைப் பலகையில் எழுதியவர். இன்று அவருடைய வலது கையால் ஒரு பொத்தானைக்கூடப் போட முடியவில்லை. சாயங்காலம் தெருவாசலைப் பார்த்தபடி படுத்திருப்பார். யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவரைக் கேட்பாரற்றவர் என்று சொல்ல முடியாது. மகள் இருக்கிறேன், மனைவியும் இருக்கிறார். ஆனால் மனைவி வேறொருவருடைய விரிப்பை வெளுத்துக்கொண்டிருக்கிறார்.

ஒருவரை அவருடைய மிக மோசமான நாளை வைத்து அளக்கக் கூடாது என்று உங்கள் பலகையில் எழுதியிருந்ததாக அம்மா சொன்னார். பிடிக்காதவரை நேசிப்பதுதான் வேலை என்றும் எழுதியிருந்தீர்களாம். இரண்டையும் என் மேசைமேல் ஒட்டிவைத்திருக்கிறேன். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். இவை இல்லத்தின் சுவருக்குள் மட்டும்தானா? அன்புக்கு ஒரு முகவரிதான் உண்டா? ஊர் பேர் தெரியாதவரிடம் காட்டும் கருணை சுலபமாக இருக்கிறதே, அவர் நமக்கு எதையும் நினைவுபடுத்துவதில்லை என்பதால்தானா?

அம்மாவை நான் கட்டாயப்படுத்தவில்லை. கூடத்தில் இருப்பவர்களைத்தான் கேட்கிறேன். நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன சொல்வீர்கள்?

உங்கள் எல்லோருடைய நலத்துக்கும் வேண்டிக்கொண்டு,

ஒரு மகள்


மார்ச் 29

வாலுக்கு,

உடல்நிலைக்கு ஒன்றும் குறையில்லை. நீயும் நலம்தான் என்று எழுத்திலேயே தெரிந்தது. தெம்பாக எழுதியிருந்தாய்.

கடிதத்தைப் பெரியக்கா இரண்டு தரம் வாசித்தார். இரண்டாம் தரம் பாதியில் அவர் கடிதத்தை மடியில் வைத்துவிட, சமையல்கட்டுப் பெண் வாங்கி மீதியை வாசித்தாள். பெண்கள் பக்கம் அழாதவர் யாரும் இல்லை. பிறகு ஒவ்வொருவராக எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார்கள். நான் எதுவும் சொல்வதற்கு முன்பாகவே கட்டிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். கட்டிக்கொள்கிறவரைப் பார்த்து முடியாது என்று எப்படிச் சொல்வது?

பெரியக்கா பலகையில் இருந்ததை அழித்துவிட்டு, வாரம் முடிவதற்கு முன்பே புதிதாக எழுதினார்: 'திரும்பிப் போகத் துணிவதே மன்னிப்பு.' என்னைப் பார்த்து, "உனக்குக் கிடைச்ச பாக்கியம்மா இது. எங்களுக்கெல்லாம் பலகைதான் இருக்கு. உனக்கு ஆளே இருக்கார்" என்றார்.

தள்ளுநாற்காலியில் பின்னால் உட்கார்ந்திருந்த லாரிக்காரர் மட்டும், "அந்தப் பொண்ணு கேட்டுச்சு, சரி. இந்த அம்மாவ யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா? அன்புங்கிறீங்க, ஆள மூட்டை கட்டி ஏத்துறீங்க. நான் லோடு ஏத்துறப்பகூட எங்க போகுதுன்னு கேட்பேன்யா" என்று கத்தினார். அவரைக் கூடத்திலிருந்து தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஏப்ரல் இருபதாம் தேதி வருகிறேன். நீ வேலைக்கு ஒப்புக்கொண்டதாக எழுதிக் கொடுத்துவிடு.

மிக நன்றாக எழுதியிருந்தாய். உன் அப்பாகூட அதில் ஒரு திருத்தமும் போட்டிருக்கமாட்டார்.

அம்மா


ஜூன் 11

அன்புள்ள அம்மாவுக்கு,

நீயும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? நான் நலமாக வந்து சேர்ந்தேன். முதல் வாரம் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. தண்ணீரைச் சோதிக்க வந்தவளுக்கே இந்தக் கதியா என்று எல்லோரும் சிரித்தார்கள்.

மூன்றாவது மாடியில் ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் கப்பல் சங்கு கேட்கும். எனக்குக் கீழே ஐந்து பேர். முதல் நாளே ஒருவன் பாட்டில் மூடியின் உள்பக்கத்தை விரலால் தொட்டுவிட்டான். அந்த மாதிரியைக் கொட்டச் சொன்னேன். "ஒரு விரல்தானே மேடம், கண்ணுக்கு ஒண்ணும் தெரியலையே" என்றான். கண்ணுக்குத் தெரியாததைப் பார்க்கத்தான் நமக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள் என்றேன். சொன்ன பிறகு எனக்கே என் அதட்டல் பிடித்திருந்தது.

நீ வந்த அன்று, பெட்டியைக் கீழே வைக்காமல் கூடத்து வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றாய். அப்பா உன்னைப் பார்த்து, "வா, வா" என்றார். அவ்வளவு மென்மையாக அவர் பேசி நான் கேட்டதில்லை. அதை நினைத்துக்கொண்டுதான் நிம்மதியாக ரயில் ஏறினேன். நீ செய்தது பெரிய காரியம்.

தொலைபேசியில் அழைத்தால் அப்பாவேதான் எடுக்கிறார். தலைமாட்டிலேயே வைத்திருக்கிறார் போல. 'அவ வேலையா இருக்கா' என்று சொல்லி வைத்துவிடுகிறார். அதனால்தான் எழுதுகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் வாலு


ஜூன் 27

அன்பு மகளுக்கு,

நாங்கள் நலம். உன் நலத்துக்கு என்றும் வேண்டுகிறோம்.

அப்பா தேறி வருகிறார். இடது கையால் எழுதப் பழகிவிட்டார். ஸ்பூனும் பிடிக்கிறார். நான் காலையில் ஐந்து மணிக்கு எழுந்து வேலைகளை முடித்துவிடுகிறேன். முடித்த பிறகு பகலில் அவருக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டுகிறேன். நீ எழுதும் கடிதத்தையும் வாசித்துக் காட்டுகிறேன். மழை இன்னும் வரவில்லை.

நீ வர வேண்டியதில்லை. புது வேலையில் விடுப்புக் கேட்டால் நன்றாக இருக்காது.

உடல்நலத்தில் கவனமாக இரு.

அம்மா

மேற்கண்ட கடிதத்தைப் பார்வையிட்டேன். பிழைகள் திருத்தப்பட்டன. அம்மா நலமாகவும் மகிழ்ச்சியாகவும் இருக்கிறாள்.
– அப்பா


ஜூலை 8

அன்புள்ள அம்மாவுக்கு,

நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் பதில் வரும். ஆனாலும் கேட்கிறேன். நலமா?

உன் கடிதத்தில் ஐந்து இடத்தில் சிவப்பு மை. நான்கு, எழுத்துத் திருத்தம். ஐந்தாவது, மழை வரவில்லை என்று எழுதியதற்கு அடுத்த வரி. அதை முழுவதும் அடித்திருக்கிறது. ஒரு தரம் அல்ல, தாள் கிழிகிற அளவுக்கு மேலும் மேலும் அடித்திருக்கிறது. பரிசோதனைக் கூடத்தில் தண்ணீர் மாதிரி பார்க்கும் விளக்குக்கு அடியில் பிடித்துப் பார்த்தேன். 'ரேடியோ' என்ற ஒரு சொல் மட்டும் தெரிந்தது.

உன் கையெழுத்தும் மாறியிருக்கிறது. எழுத்தெல்லாம் இடது பக்கம் சாய்ந்து கிடக்கிறது. வலது கைக்கு என்ன?

இதை நீ வாசிக்க, அப்பா கேட்டுக்கொண்டிருப்பார். அப்பா, நீங்கள் சுகமாக இருக்கிறீர்களா? அம்மாவுக்கு ஓய்வு கொடுங்கள். உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

சேர்ந்து ஆறு மாதம் ஆகும்வரை விடுப்புக் கிடையாது. டிசம்பரில் வருகிறேன். அதற்குள் ஏதாவது என்றால் தந்தி கொடு.

உன் வாலு


ஆகஸ்ட் 19

வாலுக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். இது கடிதத்தின் முதல் வரிக்காக எழுதுவது அல்ல.

தபால் நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். பேனாவை ஒரு கயிற்றில் கட்டி வைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு வரிக்கும் தாளைத்தான் நகர்த்த வேண்டியிருக்கிறது. ஆனால் என் வாழ்க்கையில் முதல்முறையாக, யாரும் வாசிக்காமல் போகப்போகிற கடிதம் இது. உறையை நானே ஒட்டுவேன்.

வலது மணிக்கட்டு முறிந்திருக்கிறது. மே மாதம் முப்பதாம் தேதி, நீ ரயில் ஏறிய மறுநாள். கைத்தடியால். உன் அப்பாவுக்கு ஒரு பக்கம்தான் செத்திருக்கிறது வாலு. மறுபக்கம் இரண்டு பக்கத்து வேலையையும் செய்கிறது. முதலில் ரேடியோவைச் சத்தமாக வைக்கச் சொல்வார். முன்பு உன்னிடம் சொல்வார், இப்போது என்னிடமே சொல்கிறார். வைத்துவிட்டு வந்து நிற்க வேண்டும். இதைத்தான் ஒரே வரியில் உனக்கு எழுதினேன்: 'ரேடியோ இப்போதும் சத்தமாகத்தான் பாடுகிறது.' அவர் அடித்துவிட்டார்.

நீ ஒன்பது வயதில் வைத்தாய். பத்து வயதிலும் வைத்தாய். அவர் சொன்னார், நீ வைத்தாய். குழந்தைமேல் என்ன குற்றம்? ஒருநாளும் நான் உன்னைக் கோபித்ததில்லை. பன்னிரண்டு வயதுக்குப் பிறகு, அவர் கதவைச் சாத்தினதுமே, சொல்லாமலே நீ எழுந்து போய் வைப்பாய். அதையும் நான் கோபிக்கவில்லை. உனக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும், அது போதும் என்று இருந்தேன். எனக்கு ஒரு சாட்சி இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

மார்ச் மாதத்தில் அந்தச் சாட்சி எழுதிய கடிதத்தைக் கூடத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

மோசமான நாளை வைத்து அளக்கக் கூடாது என்று என்னையே எனக்கு எடுத்துக் காட்டினாய். மோசமான நாள் ஒன்று என்றால் அளக்காமல் விடலாம். உன் அப்பாவுக்கு அது வாரத்தில் மூன்று நாள், இருபத்தெட்டு வருடம். பள்ளிக்கூடம் இருந்ததால் மற்ற நாட்கள் தப்பின. ஓய்வு பெற்றால் ஏழு நாளும் வீட்டில் இருப்பாரே என்றுதான் மறுநாளே கிளம்பினேன். அந்தச் செருப்பு இல்லாத பெண்ணைக் காய்கறிக் கடையில் பார்த்தேன், கடைக்காரர்தான் அடையாளம் காட்டினார். நெற்றியில் தழும்பு. "உங்க வீட்டு அக்காகிட்ட அன்னிக்கே சொன்னேனே, உங்ககிட்ட சொல்லலையா?" என்றாள்.

இரண்டு வருடம் வாரம் ஒன்றாக நூறு வாசகம் வாழ்ந்து பார்த்தேன். எனக்கே எனக்கென்று ஒன்று கிடைத்திருக்கிறது. பலகையில் எழுத ஆள் இல்லை, உனக்கு எழுதுகிறேன். இன்னொருவர் வலியை எடுத்து நாம் மன்னிக்க முடியாது. அது நம்முடையது அல்ல. கொடுப்பதாக இருந்தால் நம் கையில் இருப்பதைத்தான் கொடுக்க வேண்டும். நீ என்னைக் கொடுத்தாய்.

நேற்று மருந்துக்கடைக்குப் போய் வீட்டுச் சாவியைக் கொடுத்தேன். "சாருக்காக உயிரையே கொடுப்பேன்னு சொன்னீங்களாமே" என்றேன். "ஆமாம்மா, எப்ப வேணும்னாலும்" என்றார். "உயிரெல்லாம் வேண்டாம். திங்கட்கிழமை மட்டும் பார்த்துக்குங்க. மீதி ஆறு நாளுக்கு ஆறு மாணவர்கள் இருக்காங்க. தூக்குறப்ப வலது பக்கமா நில்லுங்க" என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது. லாரிக்காரரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஜூனிலேயே போய்விட்டாராம்.

இல்லத்துக்குத் திரும்பப் போகமாட்டேன். என்னைக் கட்டிக்கொண்டு அனுப்பியவர்கள் அவர்கள். எங்கே போகிறேன் என்று எழுதினால் நீ கடிதம் போடுவாய். நன்றாக எழுதுகிறவள் நீ. அதனால் எழுதவில்லை.

கை சேர்ந்துவிடும். துணி அலச இடது கையே போதும். குடை எடுத்துப் போ.

அம்மா


செப்டம்பர் 2

இல்லத்தின் பெரியக்கா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் இல்லத்தில் உள்ளவர்களும் சுகமாக இருக்கிறீர்களா?

மார்ச் மாதம் நான் எழுதிய கடிதத்தைத் தங்கள் கூடத்தில் இரண்டு தரம் வாசித்தீர்கள். இதை ஒரு தரமாவது வாசிக்க வேண்டும், அதே கூடத்தில், அதே ஆட்கள் முன்னிலையில்.

அந்தக் கடிதத்தில் நான் எழுதாமல் விட்டது இது. என் அப்பா அம்மாவை அடிப்பார். ரேடியோவைச் சத்தமாக வைத்தது நான். படுத்த பிறகும் அவர் வேலைக்கு வந்த இரண்டு பெண்களை அடித்தார். இரண்டாமவள் என்னிடம் வந்து சொன்னாள். சொன்ன பிறகுதான் அந்தக் கடிதத்தை எழுதினேன். என்னையும் பிப்ரவரியில் ஒரு தரம் அடித்தார், தோளில். அன்று இரவே ஏப்ரல் முடிவதற்கு எத்தனை நாள் இருக்கிறது என்று காலண்டரில் எண்ணினேன். அவர் மாறவில்லை என்று தெரிந்துதான் மாறிவிட்டார் என்று எழுதினேன். சாயங்காலம் தெருவாசலைப் பார்த்திருப்பார் என்று எழுதினேனே, அதுவும் பொய். அவர் கட்டிலிலிருந்து தெருவாசல் தெரியாது.

எனக்கு ஒரு நாற்காலி வேண்டியிருந்தது. அதற்கு உங்கள் பலகை உதவியது.

அம்மா எங்கே என்று தெரியவில்லை. உங்களில் யாருக்காவது எழுதினால், நான் இதை எழுதினேன் என்றும், கூடத்தில் எல்லோரும் கேட்டார்கள் என்றும் சொல்லுங்கள். வேறு எதுவும் சொல்ல வேண்டாம்.

நலத்துடன் இருங்கள்.

மகள்


செப்டம்பர் 16

அன்புச் சகோதரிக்கு,

இல்லத்தில் அனைவரும் சுகம். தாங்களும் தங்கள் தந்தையாரும் சுகமாக இருக்கப் பிரார்த்திக்கிறோம்.

தங்கள் கடிதம் கிடைத்தது. இல்லத்தில் வசிப்பவர்களுக்கு வரும் கடிதங்களை மட்டுமே காலைக் கூட்டத்தில் வாசிப்பது வழக்கம். தங்கள் தாயார் தற்போது இங்கே வசிக்கவில்லை. மேலும், பழைய வீட்டுக் குறைகளைக் கூடத்தில் பேசுவதில்லை என்பது தாங்கள் அறிந்ததே. ஆகவே தங்கள் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறோம். பெரியக்கா முதல் பக்கத்தை மட்டும் பார்த்தார்.

ஒரு மகிழ்ச்சியான செய்தியைத் தெரிவிக்கச் சொன்னார். தங்களுடைய மார்ச் மாதக் கடிதத்தை, இல்லத்துக்குப் புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாள் காலையில் வாசித்துக் காட்டுகிறோம். இதுவரை பதினோரு பேர் கேட்டிருக்கிறார்கள். நேற்று அதைக் கேட்டுவிட்டு ஓர் அம்மாள் தன் கணவரிடம் திரும்பிப் போக முடிவு செய்திருக்கிறார்.

தங்கள் அன்னையின் பிரிவால் மனம் தளர வேண்டாம். இந்த வாரத்து வாசகத்தைத் தங்களுக்காகக் கீழே எழுதியிருக்கிறோம்.

'கதவைத் தட்டுகிறவர் யார் என்று கேட்காமல் திற.'

என்றும் தங்கள் நலம் நாடும்,
இல்லத்தின் அலுவலகம்